ஹாஜர் சொல்லாத காலைகள்

முதலில் வந்தது ஒரு சாக்கு மூட்டைதான். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து தொடங்கும் இடத்தில், கால்வாய்ச் சுவரை ஒட்டி, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது. மறுநாள் அதற்குத் துணையாக இன்னும் சில. அந்த வாரம் முடிவதற்குள் லாரியே பின்பக்கமாக வந்து நின்று கொட்டிவிட்டுப் போனது.

அந்த லாரி எங்களுக்குத் தெரிந்த லாரி. காலையில் எங்கள் அம்மாக்கள் கடைத்தெருவிலும் படகுத்துறையிலும் கூட்டி அள்ளி ஏற்றி அனுப்பும் குப்பை அதில்தான் போகும். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அவ்வளவு தூரம் ஓட்ட ஒப்பந்தக்காரருக்கு மனமில்லை. அதனால் விடியலில் அள்ளிய குப்பை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது. அள்ளியவர்கள் சாப்பிட உட்காரும்போது எதிரே அதுவும் உட்கார்ந்திருந்தது.

எங்கள் சந்தில் எல்லோரும் துப்புரவு வேலைக்காரர்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்த வேலைக்கென்று கூட்டி வரப்பட்டவர்களின் பேரன் பேத்திகள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் போனவர்கள் கூட்டப் போனார்கள். மலையாளத்தில் படித்தேன், பட்டம் வாங்கினேன், தோப்பும்படியில் ஒரு கூரியர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தமிழ் எழுத்தைப் பிறகு நானாகவே படித்துக்கொண்டேன். இதைத் தமிழில் எழுதுவது அம்மாவுக்கு வாசித்துக் காட்ட முடியும் என்பதற்காக.

அம்மா மாநகராட்சியில் தினக்கூலி. வருடக்கணக்காகத் தினக்கூலி. விடாமல் வேலைக்கு வந்த தினக்கூலிக்காரர்களை இந்த மழைக்காலத்துக்குள் ஸ்திரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஸ்திரம் என்றால் மாதச் சம்பளம், ஓய்வூதியம், நாங்கள் இருக்கும் ஒற்றை அறை எங்களுக்கே. இடையில் வேலை அறுந்தால் எல்லாம் முதலிலிருந்து. அம்மாவுக்கு முதலிலிருந்து தொடங்க வயது இல்லை. அதனால் காய்ச்சல் அடித்தாலும் விடியற்காலையில் துப்புரவு டிப்போ கதவுக்கு முன்னால் போய் நின்றுவிடுவாள். அங்கே சூப்பர்வைசர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் ஹாஜர், அதாவது வந்திருக்கிறேன், என்று சொல்லி உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால்தான் அன்றைக்கு வேலை.

குப்பை மேடு வளர வளர சந்தின் சத்தங்கள் மாறின. நாய்கள் குரைப்பதை நிறுத்தின. தின்பதற்கு அவற்றுக்கு நிறைய இருந்தது. எலிகள் பட்டப்பகலில், ஆளைக் கண்டு ஒதுங்காமல், சுவரோரமாக வேலைக்குப் போவதுபோல் போயின. மேட்டின் அடியிலிருந்து கறுத்த நீர் கசிந்து கால்வாயில் இறங்கியது. கடல் ஏற்றம் வரும் நாட்களில் கால்வாய் நிரம்பி எங்கள் அறைகளுக்குள் தண்ணீர் வருவது பழக்கம்தான். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்துவிட்டுக் காத்திருப்போம். இப்போது வந்த தண்ணீர் வடிந்த பிறகும் தரையில் ஒரு பிசுக்கை விட்டுச் சென்றது. கடைசி வீட்டு அண்ணன் காலில் இருந்த சின்ன வெட்டோடு அதில் நடந்தார். எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அவர் படுக்கையில் மஞ்சளாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் உட்காரலாம் என்று நான் சொன்னேன்.

மனு எழுதிப் பார்த்தாயிற்று. நான் எழுதிய மலையாளத்தில் ஒரு பிழை கிடையாது. மாநகராட்சி அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எனவே, வேலை முடிந்து வந்ததும் குப்பைக்கு முன்னால் எல்லோரும் உட்கார வேண்டும், கோஷம் கூடாது, கல் கூடாது, லாரிக்காரனைத் திட்டக் கூடாது, முக்கியமாகக் குப்பையில் யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். பெரிய அதிகாரி நேரில் வந்து பார்க்கும்வரை அது அப்படியே கிடக்க வேண்டும்.

"உக்காந்தா போயிருமாடி?" என்று கேட்டாள் அம்மா.

"போகும்மா. பள்ளிக்கூடத்துல படிச்சேன்."

எதிர்வீட்டு அத்தை அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "உக்காந்து உக்காந்தேதான அவ பாஸாயிட்டா. நாமளும் உக்காந்து பாப்போம், என்ன கிளாஸ் கிடைக்குன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தைக்கு அந்தச் சந்திலேயே பெரிய வாய். அம்மா சிரிக்கவில்லை. உட்கார்ந்தால் தன் வேலை என்ன ஆகும் என்று அவள் கேட்கவும் இல்லை. அன்று மாலை என் தலையில் எண்ணெய் வைக்கும்போது, ஸ்திரம் ஆனவுடன் அறைக்குள் ஒரு மேடை கட்ட வேண்டும், தண்ணீர் ஏறாத உயரத்தில், என்று மட்டும் சொன்னாள்.

உட்கார்ந்தோம். வேலையை விட்டுவிட்டு அல்ல; காலை முழுவதும் ஊரைக் கூட்டிவிட்டு, மத்தியானம் வந்து உட்கார்ந்தார்கள். சனிக்கிழமைகளிலும் அலுவலகம் முடிந்த மாலைகளிலும் நானும் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கக் குப்பையைக் கண்டால் குனிந்தே பழகிய பெண்கள், கண்ணுக்கு எதிரே ஒரு வாழைப்பழத்தோல் கிடக்க அதை எடுக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரிந்தது. அத்தையின் விரல்கள் மடியில் தானாக அசைந்துகொண்டிருக்கும். ஒருத்தி பார்வையை ஆகாயத்தில் வைத்துக்கொண்டு உட்காருவாள்.

லாரி வருவது நின்றது. அதற்குப் பதிலாக சூப்பர்வைசர் வந்தார். மலையாளி, வெள்ளைச் சட்டை, எப்போதும் மென்மையான குரல். எல்லாப் பெண்களையும் அக்கா என்பதுபோல் சேச்சி என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்கு எதிரே நின்று போனை எடுத்து வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் வீடியோ எடுத்தார். அவசரமே இல்லை. ஒரு முகத்தில் தேவையான நேரம் நின்று அடுத்த முகத்துக்குப் போனார். முடித்ததும் வெயிலில் உட்காராதீர்கள், தலைவலி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்குள் யாராவது சிரித்திருப்போம். அன்று யாரும் சிரிக்கவில்லை. தினமும் வந்தார், தினமும் எடுத்தார். நாங்கள் கையை ஓங்காமல் இருந்தோம். அவரும் ஓங்கவில்லை. இரண்டும் ஒன்று இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பிறகு செய்தி வந்தது. பெரிய அதிகாரி நாளை காலை வருகிறார். கூட ஒரு தொலைக்காட்சிக்காரரும் வருவார். அவர்கள் வந்து போன பிறகுதான் அன்று டிப்போவில் பெயர் கூப்பிடுவார்களாம். எனக்கு அன்று மாலையே ஆலுவாவுக்குப் போக வேண்டியிருந்தது. மறுநாள் அரசு வேலைக்கான தேர்வு எழுத வேண்டிய தோழி ஒருத்திக்குப் பாடம் சொல்லித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், நீங்கள் எப்போதும்போல் உட்கார்ந்திருங்கள், அவர் கேட்டால் மட்டும் பேசுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

காலையில் சந்து திரும்பினேன். நாற்றம் இல்லை. அதற்குப் பதில் பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது.

மேடு இல்லை. தரை தெரிந்தது. அத்தனை வாரங்களுக்குப் பிறகு அந்த இடத்தில் சிமெண்ட் இருக்கிறது என்பதே அன்றுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் தெளித்துப் பெருக்கிய தடம் ஈரமாக, அழகாக, வளைவு வளைவாக இருந்தது. இரண்டு பக்கமும் ஓரத்தில் வெள்ளைப் பவுடர் நேர்கோடாகப் போயிருந்தது. நடுவில் எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி, மேலே ஒரு புதுத் துண்டு. பெண்கள் குளித்து நல்ல சேலை கட்டி, அந்தச் சுத்தமான தரையில் வரிசையாக, மௌனமாக, நான் சொன்னபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

எப்படி நடந்தது என்பதைப் பின்னால் ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சேர்த்தேன். அதிகாரி வருகிறார், உட்கார நாற்காலி போட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நாற்காலியைக் குப்பையில் போட முடியாது, அதற்கு மட்டும் கொஞ்சம் இடம் பெருக்கியிருக்கிறார்கள். பெருக்கிய இடத்துக்கு அவர் நடந்து வர வழி வேண்டும். வழி பெருக்கினால் பக்கத்தில் கிடப்பது சரிந்து விழுகிறது, அதைக் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். யாரோ கைவண்டியைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. மந்திரி வந்தாலும், கப்பலில் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினாலும், தேரோட்டம் என்றாலும், முன்கூட்டியே போய் வழியைச் சுத்தம் செய்து ஓரத்தில் கோடு போட்டுவிட்டு, அவர்கள் வரும்போது கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்பதுதான் இவர்கள் செய்துவந்த வேலை. பெரிய மனிதர் வருகிறார் என்ற சொல் காதில் விழுந்ததும் உடம்பு எழுந்து அதன் வேலையைச் செய்துவிட்டது. விடிவதற்குள் வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு போய் லாரி நிற்கும் இடத்தில் சேர்த்துவிட்டார்கள். குளித்துச் சேலை மாற்றும்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று ஒருத்திக்கு உறைத்திருக்கிறது. நான் வந்து நின்ற சற்று நேரத்தில் கார் வந்துவிட்டது.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். சாயா கொடுத்தார்கள், குடித்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, நான் இன்று பார்த்த இடங்களிலேயே இதுதான் சுத்தமான இடம் என்றார். நான் போனிலிருந்த படங்களைக் காட்டினேன். நல்ல மலையாளத்தில், நிதானமாக, தேதி சொல்லி விளக்கினேன். படம் எந்த ஊரிலும் எடுக்கலாமே மோளே என்றார் அவர், மகளிடம் சொல்வதுபோல், கோபமில்லாமல். தொலைக்காட்சிக்காரர் கேமராவைப் பைக்குள் வைத்தார். சூப்பர்வைசர் எல்லோருக்கும் கை கூப்பினார்.

"சேச்சிமாருக்கு ரொம்ப நன்றி. நான் ஆள் வெச்சுச் செஞ்சாக்கூட இவ்வளவு நல்லா வராது."

அவர்கள் போன பிறகு நான் அம்மாவிடம் என்ன பேசினேன் என்பது முழுதாக நினைவில் இல்லை. சத்தமாகப் பேசினேன். இதற்குமா துடைப்பம் எடுப்பாய் என்று கேட்டேன். அவள் கால்விரலால் வெள்ளைக் கோட்டை அழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு மனுசன் நம்ம வீட்டுக்கு வாரான்னா வழியக் கூட்டாம எப்படிடி அவன் மூஞ்சியப் பாக்கது?" என்றாள்.

"இனி யாராவது பெரிய ஆளு வாராங்கன்னா நம்ம கையக் கட்டிப் போட்டுட்டுப் போ" என்றாள் அத்தை. அது சிரிப்புக்குச் சொன்னதுதான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் லாரி வந்தது. முன்பைவிடப் பெரிய லாரி. அதே நாள் காலையில் டிப்போவில் அம்மாவின் பெயர் கூப்பிடப்படவில்லை.

வேலை போய்விட்டது என்றோ, உட்காரச் சொன்னவளின் அம்மா என்பதால் என்றோ யாரும் சொல்லவில்லை. பெயர்கள் வரிசையாக வந்தன. அம்மாவின் பெயர் வர வேண்டிய இடத்தில் அடுத்த பெயர் வந்தது. அவ்வளவுதான். அம்மா காத்திருந்தாள், கடைசியில் கூப்பிடுவார்கள் என்று. எல்லோரும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் கடந்து போனார்கள். அவள் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டாள். பார்க்கலாம் சேச்சி என்றாராம். வீட்டுக்கு வந்து அரிசி களைந்தாள். நான் கேட்காமல் எதுவும் சொல்லவில்லை. கேட்டபோதும் "பாக்கலாம்னு சொன்னாரு" என்றாள்.

ஆனால் மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். விடியற்காலையில் எழுந்து, முகம் கழுவி, வேலைச் சேலையைக் கட்டி, டிப்போ கதவுக்கு முன்னால் தன் வழக்கமான இடத்தில் நிற்பாள். பெயர்கள் முடியும்வரை நிற்பாள். முடிந்ததும் வீட்டுக்கு வருவாள். கெஞ்சவில்லை, அழவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேலை விட்டுப்போன நாட்கள் கூடிக்கொண்டே போயின. ஸ்திரமாக்கும் பேச்சில் இனி தன் பெயர் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தூக்கம் போயிற்று. பாடப்புத்தகத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஜெயித்தார்கள். உட்கார்ந்ததால் பெயர் காணாமல் போனவர்களைப் பற்றி அதில் எழுதியிருக்கவில்லை.

அவளைத் தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போகத் தொடங்கினேன். அப்படிப் போன ஒரு காலையில்தான் அது நடந்தது.

மேகம் இறங்கியிருந்தது. காற்றே இல்லை. சுக்குக் கிடங்குகளின் காரமும் கால்வாயின் நாற்றமும் கலந்து அசையாமல் நின்றன. சூப்பர்வைசர் போனைப் பார்த்து முதல் பெயரைக் கூப்பிட்டார். அது எதிர்வீட்டு அத்தையின் பெயர். அத்தை அவருக்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்றாள். பதில் இல்லை.

அவர் தலையை நிமிர்த்திப் பார்த்து மறுபடியும் கூப்பிட்டார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பேசாமல் ஒரு நிமிடம் இருக்கத் தெரியாதவள் அவள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சேச்சி, காது கேக்கலையா?"

அவர் புன்னகைத்து அடுத்த பெயருக்குப் போனார். அதற்கும் யாரும் ஹாஜர் சொல்லவில்லை. அடுத்தது, அதற்கும் அடுத்தது. அவர் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒவ்வொரு பெயரும் எழுந்து, எங்கள் தலைகளுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்று, விழுந்தது. உயிரோடு எதிரே நிற்கிறவர்களின் பெயர்களை இறந்தவர்களின் பெயர்களைப்போல் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. யார் பேசி முடிவு செய்தார்கள் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு தினமும் இதேதான். எல்லோரும் நேரத்துக்கு வருவார்கள். பெயர் கூப்பிடப்படும். யாரும் இல்லாததுபோல் அமைதி. பெண்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள். ஊர் மெதுவாக நாறத் தொடங்கியது. மீன் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், வெள்ளைக்காரர்கள் நடக்கும் தெருக்கள் எல்லாம். மசாலாக் கடை வைத்திருக்கும் தமிழ் பேசும் பாய் ஒருவர் எங்களுக்கு ஒரு தார்ப்பாய் கொடுத்தனுப்பினார். மற்றவர்களில் பலருக்கு எங்கள்மேல்தான் ஆத்திரம். ஒரு நாள் எழுந்து பார்த்தால் எங்கள் தெருக்குழாயைச் சுற்றி யாரோ கோழிக்கழிவைக் கொட்டியிருந்தார்கள். பெண்கள் குடத்தோடு வந்து பார்த்தார்கள். கை வைக்காமல் சுள்ளிக்கல் பக்கம் நடந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்கள். இந்த முறை யார் விரலும் அசையவில்லை. அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்தப் பெண்களை எனக்கு முன்பு தெரியாதோ என்று தோன்றியது.

வேறு ஊரிலிருந்து ஆட்களைக் கொண்டுவரப் போகிறார்கள் என்றார்கள். இடக்கொச்சியில் ஒரு வேன் நிற்பதை யாரோ பார்த்தார்களாம், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, உள்ளே பெண்கள். அறைகளைக் காலி செய்யச் சொல்வார்கள் என்றும் பேச்சு. கடல் ஏற்றம் வரும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. மேட்டின் அடி ஏற்கெனவே தண்ணீரில் நின்றது.

இன்று காலை சூப்பர்வைசர் முதல் பெயராக அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்.

இத்தனை நாளும் அவர் வாயில் வராத பெயர். தகப்பன் பெயரோடு, முழுதாக, தெளிவாகக் கூப்பிட்டார். எல்லோரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அவர் குரலில் எப்போதும் உள்ள மென்மை. "விட்டுப்போன நாளெல்லாம் லீவுன்னு சரி பண்ணியாச்சு சேச்சி. ஸ்திரமாக்கற பேச்சுல உங்க பேர் அப்படியே இருக்கு. ஹாஜர் மட்டும் சொல்லுங்க."

அந்தச் சொல் அம்மாவின் தொண்டைவரை வந்ததை நான் பார்த்தேன். வருடக்கணக்காகத் தினமும் சொன்ன சொல், பெயர் கேட்டவுடன் தானாக வரும் சொல். அத்தை தரையைப் பார்த்தாள். நீ சொல்லிக்கோ, நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம் என்பதுபோல் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். நான் என்ன விரும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. கூப்பிடப்பட்டது என் பெயராக இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அவர் இன்னொரு முறை கூப்பிட்டார்.

அம்மா வாயைத் திறக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்குமாறு பிடித்துத் தடித்த கை, சில்லென்று இருந்தது.

அவர் வேறு எந்தப் பெயரையும் கூப்பிடவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். உள்ளே போய், துடைப்பங்களும் கைவண்டிகளும் அங்கேயே இருக்க, எங்களை வெளியே விட்டு டிப்போவின் இரும்புக் கதவை இழுத்து மூடினார். பூட்டு விழும் சத்தம் கேட்டது. மழையின் முதல் சொட்டுகள் விழத் தொடங்கின. யாரும் நகரவில்லை.